இடக்கை ஜன்னல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதன்பிறகு இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று, அவ்வளவுதான் என் படிப்பு. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்க என் முறை வந்தால் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்பவள் நான். எங்கள் பங்கின் மாத இதழை நடத்தும் பிள்ளைகள், “ஊருக்குப் போய் வந்தீர்களே ஆன்ட்டி, பார்த்ததை எழுதிக் கொடுங்கள்” என்று விடாமல் கேட்டார்கள். நாலு நாடு சுற்றியவர்கள் எழுத வேண்டிய பக்கத்தை நான் பிடித்துக்கொண்டதற்கு மன்னித்துவிடுங்கள். நான் போய்ப் பார்த்தது ஒரே ஒரு ஜன்னலை.

ஈப்போவில் ஒரு டோபி கடையில் துணி தேய்க்கும் வேலை எனக்கு. இடது கையால்தான் தேய்ப்பேன். கடைக்காரச் சீனத்து அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. சட்டையில் சுருக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சின்ன வயதில் அப்படி இல்லை. பள்ளியில் இடது கையால் எழுதினால் விரல் முட்டியில் அடி விழும். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றுதான் சொல்வார்: “எங்க ஊருக் கோயில் ஜன்னல்ல ஆண்டவரே இடக்கையாலதாண்டி பிள்ளைகளை ஆசீர்வாதம் பண்ணுறாரு.”

அம்மா காரைக்குடிப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்தவர். அவர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். என் அண்ணன்கள் முழுக்கவே நம்பவில்லை. “ஒன்ன சமாதானப்படுத்த அம்மா விட்ட கதை” என்பார்கள். அம்மா போன பிறகு, அது கதையா நிஜமா என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. ஐம்பது வயது தாண்டியதும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். துணைக்கு யாரும் வரவில்லை.

காரைக்குடி பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டேன். அதற்கு வைத்த வரமிளகாய்ச் சட்னியைச் சாப்பிட்டபின் நம் ஊர் சம்பால் எனக்குப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. பிறகு டவுன் பஸ் ஏறிக் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி நோட்டை நீட்டினேன். (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள ஃபாதர் கேட்டுக்கொண்டார். கண்டனூரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) கண்டக்டர் நோட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“சோத்தாங்கையில குடுங்கக்கா. மொத டிரிப்பு.”

அவசரமாகக் கையை மாற்றி நீட்டினேன்.

“இப்பவும் வேணாம். லேடீஸுக்கு டிக்கெட் ஃப்ரீ” என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த பெண் எனக்காகப் பேசினார்: “வாங்காத காசு எந்தக் கையில இருந்தா ஒனக்கு என்னப்பா?” முன் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வாயே வரவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தபோது பாட்டுச் சத்தத்துக்கு மேல் “நிறுத்துங்க” என்று கத்தக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்கும்போது நானும் இறங்கிக்கொண்டேன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வழியெல்லாம் செட்டியார் வீடுகள். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முக்கால்வாசி பூட்டிக் கிடந்தன. ஒரே ஒரு வீடு திறந்திருந்தது. கல்யாணமாம். லாரியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈப்போவில் எங்கள் தெருவையே தூக்கி அந்த முற்றத்தில் வைக்கலாம், சைக்கிள் நிறுத்தவும் இடம் மிச்சமிருக்கும். வாசற்படிக்கு மேலே பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வந்த வேலை அதுதானே.

எதிரே மொபெட்டில் ஒரு பெண் வந்து பிரேக் போட்டார். என் மாமா மகள் சகாயமேரி. வீடியோவில் மட்டும் பார்த்த முகம். ஜன்னலைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே தவிர, அதில் இருப்பது எந்தக் கை என்று அவரிடம் கேட்கவில்லை, அதை என் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

“மதினி! என்ன இங்குட்டு நடந்து வாரீக? நான் அங்குட்டு ஸ்டாப்புல காஞ்சு கெடக்கேன்!”

“நிறுத்தச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு.”

“நல்ல கூச்சம் போங்க. இன்னுங் கொஞ்சம் கூச்சப்பட்டிருந்தா புதுவயல்ல போயி எறங்கியிருப்பீக.”

பெட்டியை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றி, சகாயம் ஓட்டிய ஓட்டத்தில் நான் மூன்று முறை மாதாவைக் கூப்பிட்டேன்.

கோயில் சகாயத்தின் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆனால் சாலையைப் பார்த்த சுவர் முழுக்கச் சாரம் கட்டி நீலத் தார்ப்பாய் தொங்கவிட்டிருந்தார்கள். “ஜன்னல் வேல நடக்குது மதினி. நல்ல நேரத்துல வந்தீக” என்றார் சகாயம். என்ன வேலை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. சாப்பாடு அப்படி. கவுனி அரிசி என்று கறுப்பாக, இனிப்பாக, தேங்காய்ப்பூ போட்டுக் கிண்ணத்தில் வைத்தார். ஒரு வாய் போட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்ச் சந்தையில் விற்கும் புலுட் ஹித்தாம் என்ற கறுப்பரிசிக் கஞ்சிதான் அது. பாலை ஊற்றாமல் கெட்டியாகக் கிளறியிருந்தார்கள்.

“எங்க ஊர்லயும் இது இருக்கு” என்றேன்.

“அப்ப எங்குட்டிருந்து எங்குட்டுப் போச்சோ!” என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பூசை இல்லை. கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சகாயம் சொன்னதால் தைரியமாகப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். வேலைக்காரர்கள் வருவதற்கு முன் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். சாலைப் பக்கம்தான் கிழக்கு. வெயில் நேரே ஜன்னல்களில் அடித்தது.

நான்கு ஜன்னல்கள். முதலில் மாதா, அடுத்து செபஸ்தியார், அடுத்து அந்தோணியார். நான்காவதுதான் என்னுடையது. ஆண்டவர் சிவப்புப் போர்வையோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் பிள்ளைகள். ஒரு பெண் பிள்ளை அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டிருக்கிறது. அதன் தலையில் அவர் கை. நான் என் கையை உயர்த்தி வைத்துப் பார்த்தேன். வலது கையை வைத்தேன், பொருந்தவில்லை. இடது கையை வைத்தேன்.

இடது கைதான்.

அம்மா பொய் சொல்லவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தரையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் கிடந்தது. அதில் என் பாதம் நீலமாக இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

பட்டுச் சேலை, வைரத்தோடு, கையில் கார்ச் சாவியோடு ஓர் அம்மா. அறுபதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும், “மலேசியாவுல இருந்து வந்தவுக நீங்கதானா? சகாயம் சொன்னா. பசியாறியாச்சா?” என்றார்.

பசியாறியாச்சா என்று நம் ஊரில் கேட்பது போலவே கேட்டதால் எனக்குக் கூச்சம் பாதி போய்விட்டது. உமையாள் ஆச்சி என்று பெயர் சொன்னார். நேமத்தான்பட்டியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறாராம். தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் கப்பலில் போகின்றனவாம்.

“நீங்களும் நம்ம கைதானோ?” என்று என் இடது கையைப் பார்த்துக் கேட்டார்.

“ஆமாம் ஆச்சி.”

“அப்ப ஒக்காருங்க, சொல்லுறேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் கையால் விளக்கு ஏற்றக் கூடாது, மாவு தொடக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டில் வேலை செய்த கிறிஸ்தவப் பெண் ஒருவர், “வாங்க ஆச்சி, ஒண்ணு காட்டுறேன்” என்று இங்கே கூட்டி வந்தாராம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். “சிவன் கோயில் முடிச்சுட்டு நேரா இங்குட்டு. எங்க வீட்டய்யாவுக்குத் தெரியும். கேக்கமாட்டாக.”

அவர் மட்டுமில்லை. சுற்று வட்டாரத்தில் இடது கைக்காரப் பிள்ளை பிறந்தால், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை, முதல் எழுத்து எழுத இந்த ஜன்னலுக்கு அடியில்தான் கொண்டுவருவார்களாம். தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளை எந்தக் கையை நீட்டுகிறதோ அந்தக் கையாலேயே எழுதவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கையை யாரும் தட்டுவதில்லை. ஜன்னலுக்குப் பெயரே இடக்கை ஜன்னல்.

“ஆண்டவர் எதுக்கு ஆச்சி இடது கையால செய்றாரு?”

“பழைய சாமியாரு ஒருத்தர் சொன்னாக, சோத்தாங்கையால ஒலகம் முழுக்க ஆசீர்வதிச்சு ஆசீர்வதிச்சுக் கை ஓஞ்சு போச்சாம்.” இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஆச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கெழம இதக் கழட்டித் திருப்பப் போறாகளாம். ஒங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. ஆச்சிக்கும் முந்தின நாள்தான் தெரிந்திருக்கிறது.

அன்று மதியமே சகாயம் என்னை ஃபாதரிடம் கூட்டிப் போனார். நான் சகாயத்துக்குப் பின்னால் நின்றேன். ஃபாதருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, மதுரையிலிருந்து வந்த கண்ணாடிக்காரர் கண்டுபிடித்ததைச் சொன்னார். இந்த ஜன்னல்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவை. முகம், கை, மடிப்பு எல்லாம் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்து சூளையில் சுட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அது கோயிலுக்கு உள்ளே இருக்க வேண்டியது. ஆனால் இந்த ஊர்க் கொத்தனார்களுக்குச் சுவரையே முட்டையும் சுண்ணாம்பும் போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துப் பழக்கம். வழவழப்பாக இருப்பதுதான் நல்ல பக்கம், அதுதான் சனங்கள் பார்க்கிற பக்கம் என்று நினைத்து, நான்கையும் உள்வெளி மாற்றிப் பொருத்திவிட்டார்கள். வலது கை இடது கையானது அப்படித்தான்.

“செபஸ்தியாருக்கு அம்பு எந்தப் பக்கம் பாஞ்சாலும் ஒண்ணுதான் சாமி” என்றார் சகாயம். “நாலாவது ஜன்னல மட்டும் விட்டுருங்களேன். இத்தன வருசம் இருந்தது, இனியும் இருந்துட்டுப் போகட்டும்.”

“வாங்க, ஒண்ணு காட்டுறேன்” என்று ஃபாதர் எங்களை வெளியே கூட்டிப் போய்ச் சாரத்தில் ஏறச் சொன்னார். எனக்கு உயரம் பயம். ஏறினேன்.

கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. வரைந்த பக்கம் வெளியே இருந்ததால் இத்தனை காலமும் மழை நேராக அதில்தான் அடித்திருக்கிறது. ஆண்டவரின் ஒரு கண் மங்கிப்போய் நிழல் மாதிரி இருந்தது. வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு. தாடியில் பாதி இல்லை. கை மட்டும் மேலே இருந்த வளைவுக்கு அடியில் ஒதுங்கி இருந்ததால் அப்படியே இருந்தது. ஃபாதர் விரலால் தொடாமல் காட்டினார்.

“வெளிய இன்னொரு கண்ணாடி போட்டு மறைக்க முடியாதா?” என்று சகாயம் கேட்டார்.

“மாதா ஜன்னலுக்குப் போட்டுப் பாத்தாங்கம்மா. நடுவுல ஈரம் தங்கி, வரைஞ்சது உரிஞ்சுக்கிட்டு வந்திருச்சு. திருப்பிப் போட்டாத்தான் மிச்சமிருக்கிறது தங்கும்.”

கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடல் தாண்டி வந்து நான் பார்த்த கை இன்னும் இரண்டு நாள்தான் இருக்கும்.

சனிக்கிழமை பகலில் சகாயம் என்னைக் காரைக்குடிக்கு அழைத்துப் போனார். பழைய சாமான் விற்கும் கடைகளில் செட்டியார் வீடுகளிலிருந்து வந்த கண்ணாடி, கதவு, பீங்கான் எல்லாம் குவிந்திருந்தன. வேறு நேரமாக இருந்தால் நாள் முழுக்கப் பார்ப்பேன். என் மனம் ஒரு நிலையில் இல்லை. வெள்ளைப் பணியாரத்தைக்கூடப் பாதியில் வைத்துவிட்டேன். பணியாரம் சுட்டவர் மனம் பொறுக்காமல், “வேற சட்னி தரவாக்கா?” என்றார்.

மாலையில் ஜெபமாலை முடிந்ததும் நான்காவது ஜன்னலுக்கு அடியில் கூட்டம் கூடியிருந்தது. எல்லாரும் இடது கைக்காரர்கள். டிராக்டர் ஓட்டுபவர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், எதிர் டீக்கடை முருகேசன், இன்னும் சிலர். நடுவில் உமையாள் ஆச்சி. பாதிப் பேர் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களே இல்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஃபாதர் எல்லாவற்றையும் மறுபடி சொல்லிவிட்டு, “நான் முடிவு பண்ணப் போறதில்ல. இது உங்க ஜன்னல். வேண்டாம்னா இத மட்டும் விட்டுர்றேன். ஆனா இன்னும் கொஞ்ச வருஷ மழையில முகம் இருக்காது. கையா, முகமா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

ஆச்சிதான் பேசினார்.

“சாமி, அவுக மொகம் எல்லாப் படத்துலயும் இருக்கு. காலண்டர்ல இருக்கு, பஸ்ஸுல ஒட்டியிருக்கு. இந்தக் கை வேற எங்க இருக்கு? நான் எந்தக் கோயிலுக்குப் போயிப் பாப்பேன்? மொகம் போனாப் போகட்டும். கை இருக்கணும்.”

“ஆச்சி சொல்லுறது சரி” என்றார் டிராக்டர்காரர். “எங்க வீட்டுச் சின்னது வார வருசம் எழுத வரணும். எங்குட்டுக் கூட்டிக்கிட்டுப் போறது?”

“வலது கை ஆண்டவருக்கு அடியில ஒக்காந்து இடது கையால எழுதச் சொன்னா, பிள்ள என்னயப் பாத்துச் சிரிக்கும்” என்றார் முருகேசன். சிலர் சிரித்தார்கள், ஆச்சி சிரிக்கவில்லை.

அப்போதுதான் சகாயம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, “மதினி, நீங்க இதுக்குன்னே அங்கேயிருந்து வந்திருக்கீக. நீங்க என்ன சொல்றீக?” என்று கேட்டுவிட்டார். எல்லாரும் தூணைப் பார்த்தார்கள். ஆச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று அவருக்கு நிச்சயம். எனக்குமே அப்படித்தான் தோன்றியிருந்தது, சாரத்தில் ஏறும் வரைக்கும்.

“அந்தக் கை எனக்கும் வேணும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “ஆனா முகம் அழிஞ்சு போச்சுன்னா, அது யாரோட கைன்னு எப்படித் தெரியும் ஆச்சி?”

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆசிரியை மெதுவாக, “திருப்பிருங்க ஃபாதர்” என்றார். டிராக்டர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். ஒவ்வொருவராக ஆமாம் என்றார்கள். ஆச்சி மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. “ஆச்சி கோவம் நாலு நாளு இருக்கும். அப்புறம் அதிரசம் குடுத்துவிடுவாக” என்று சகாயம் ஆறுதல் சொன்னார். எனக்கு நாலு நாள் இல்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வேலை ஆரம்பித்தது. ஜன்னலை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மெத்தை விரித்த பலகையில் வைத்துத் துடைத்து, மாற்றிப் பொருத்தினார்கள். மதியத்துக்குமேல் ஃபாதர் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஆண்டவர் வலது கையால் பிள்ளையை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. மங்கிய கண்கூட உள்ளேயிருந்து பார்க்கக் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. ஆனால் எத்தனையோ கோயிலில் பார்த்த படம்தான் அது. நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சகாயத்தின் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

சாயங்காலம் ஜெபமாலைக்குப் போக மனமில்லை. ஆனாலும் மறுநாள் கிளம்புகிறவள் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபமாலையின் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லும்போது இருட்டிவிட்டது. கோயிலில் விளக்கெல்லாம் போட்டார்கள். அப்போது கதவுக்கு வெளியே யாரோ கையை ஆட்டுவது தெரிந்தது. உமையாள் ஆச்சி. படியேறாமல் வாசலிலேயே நின்று, என்னை வா வா என்று கூப்பிட்டார்.

திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். திட்டு வாங்குவதுதான் நியாயம் என்று எழுந்து போனேன்.

“உள்ள வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்” என்றார் ஆச்சி. “இந்தப் பக்கமாப் போயிட்டு இருந்தேன். சும்மா கார நிறுத்துனேன். இங்குட்டு வாங்க. பேசாம வாங்க.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி டீக்கடைப் பக்கம் போனார். “இப்பத் திரும்புங்க” என்றார்.

திரும்பினேன். சாரத்தை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். கோயிலுக்குள் விளக்கு எரிந்ததால் நான்கு ஜன்னல்களும் இருட்டில் வெளியே பார்த்து எரிந்துகொண்டிருந்தன. நான்காவது ஜன்னலில் ஆண்டவர் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அறியாமலே என் கையை உயர்த்தினேன். இடது கைதான் பொருந்தியது.

உள்ளே வலது கை. வெளியே வந்து பார்த்தால் இடது கை. கண்ணாடிதானே. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

“நேத்தே இதச் சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பேனா?” என்றார் ஆச்சி.

“எனக்கே தெரியாது ஆச்சி.”

“எனக்குந்தான் தெரியாது. அந்தச் சாமிக்கும் தெரியாது.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முகத்தைச் சுளித்தார். “அது என்ன கீழ, பிள்ள தலையக் காணோம்?”

விளக்குக் கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் யாருடைய காதுகுத்துக்கோ கட்டிய ஃபிளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்த நான்கைந்து தாய்மாமன்கள் ஜன்னலின் அடிப்பாதியை மறைத்தார்கள்.

“முருகேசா! அந்தக் கயித்த அவுத்துவிடு.”

“ஆச்சி, அது எம்மச்சான் வீட்டு விசேசம். நாளைக்கு வரைக்கும் இருக்கணும்.”

“ஒம்மச்சான் மூஞ்சிய நாங்க தெனம் பாக்கோம். நீ இந்தப் பக்கம் வந்து நின்னு மேல பாரு மொதல்ல.”

முருகேசன் டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையோடு வந்து பார்த்தார். குவளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். தாய்மாமன்கள் எல்லாரும் சாலையோரத்தில் மடங்கி விழுந்தார்கள். பெண் பிள்ளையின் தலையும், அதன் மேலிருந்த விரல்களும் தெரிந்தன.

டீ குடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பைக்கில் போன ஒருவர் நிறுத்திப் பார்த்தார். முருகேசன் டிராக்டர்காரருக்குப் போன் போட்டு, “வெளிய நின்னு பாக்கணும்ணே, வெளிய!” என்று கத்தினார்.

உள்ளே ஜெபமாலை முடிந்து சனங்கள் வந்தார்கள். சகாயம் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ராசியாயிட்டீகளா?” என்றார். நான் மேலே காட்டினேன். சகாயம் வாயில் கையை வைத்துக்கொண்டார். எல்லாரும் போனபிறகு கோயிலுக்குள் ஃபாதர் ஒவ்வொரு விளக்காக அணைக்க ஆரம்பித்தார். மாதா அணைந்தார். செபஸ்தியார் அணைந்தார்.

அப்போது ஆச்சி சாலை நடுவில் போய் நின்று, அந்த வட்டாரத்துக்கே கேட்கும்படி கத்தினார்:

“சாமி! லைட்ட அணைக்காதீக!”

ஃபாதர் ஒன்றும் புரியாமல் ஓடிவந்தார். வெள்ளை அங்கியோடு சாலையில் எங்கள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போனார். அந்தோணியார் அணைந்தார். நான்காவது ஜன்னலுக்குப் பின்னாலிருந்த விளக்கை அவர் அணைக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. சகாயம் என்னைக் காரைக்குடியில் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திருமயம் தாண்டி பஸ்ஸுக்கு டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி மர நிழலில் நின்றோம். ஸ்டெப்னி மாற்றிக் கிளம்பினார்கள். விமானத்துக்கு நேரம் இருந்தது.